ஊரார் காசில் பைன் காடு வளர்ப்பது எப்படி?

ஒரு பேச்சுக்கு, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், தென்பகுதியில், உங்கள் பேரில் நாற்பது ஏக்கர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் புகையிலை விளைந்த நிலம். அப்புறம் தரிசாகக் கிடந்தது, பைன் தானாக முளைத்துக் காடாகிவிட்டது. போன மாதம் அதை மொத்தமாக வெட்டி விற்றீர்கள். இப்போது அங்கே அடிக்கட்டைகளும், லாரி டயர் பதிந்த பள்ளங்களில் தேங்கிய தண்ணீரும்தான் மிச்சம். செக் உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. இந்த வழிகாட்டி உங்களுக்காகவே எழுதப்பட்டது.

முதல் வேலை, அந்தச் செக்கில் சல்லிக்காசுகூட மறுபடி மண்ணுக்குள் போகாமல் பார்த்துக்கொள்வது. மரம் விற்ற காசு பிக்கப் வண்டியாக மாறும், மகளின் கல்லூரிக் கட்டணமாக மாறும், ஆஸ்பத்திரி பில்லாக மாறும். நாற்றாக மட்டும் மாறாது. யாராவது கேட்டால், "இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லுங்கள். பொய்யில்லை, பார்த்துக்கொள்ளும். ஸ்வீட்கம், சிவப்பு மேப்பிள் போன்றவை வெட்டிய கட்டையிலிருந்தே துளிர்த்து, இரண்டு கோடையில் ஆள் உயரம் வந்து நிற்கும். பைன் கன்றுக்கு வெயில் வேண்டும். அந்த நிழலுக்குள் அது தலையெடுப்பது கஷ்டம். நம் கண்மாய்களைச் சீமைக்கருவேலம் எப்படிப் பார்த்துக்கொள்கிறதோ, அப்படி.

உங்களைப் போன்றவர்கள் இருப்பீர்கள் என்று அந்த மாநிலத்துக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. அங்கே விதைமரச் சட்டம் என்று ஒன்று உண்டு. பைன் காட்டை வெட்டினால் ஏக்கருக்கு எட்டுக் காய்க்கிற மரங்களை நிறுத்திவைக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி நடுவதற்கு முறையான திட்டம் காட்ட வேண்டும். எட்டு மரங்களும் நல்ல தடியான மரங்களாக இருப்பதால், வெட்டுகிறவர் அவற்றைப் பார்த்து விடும் பெருமூச்சு உங்களுக்கே கேட்கும்.

சட்டம் மட்டும் போதவில்லை. 1960களில் வர்ஜீனியாவில் வளர்கிற பைனைவிட வெட்டுகிற பைன் அதிகமாகிவிட்டது. அப்போது நடந்ததை எந்த வரி ஆலோசகரிடமும் சொல்லிவிடாதீர்கள், நம்பமாட்டார். மர ஆலைக்காரர்களே முன்வந்து, எங்கள் மேல் வரி போடுங்கள் என்றார்கள். இருபது வருஷம் கழித்து அறுக்க மரம் இல்லாவிட்டால் ஆலையையே மூடவேண்டி வரும் என்கிற கணக்கு அவர்களுக்குப் புரிந்திருந்தது. 1970-ல் சட்டமன்றம் இதற்கென்று ஒரு திட்டத்தை ஏற்படுத்தியது. ஆலைகள் கட்டும் வனப்பொருள் வரியோடு அரசு தன் பங்கையும் சேர்த்து, தனியார் நிலத்தில் பைன் நடுகிறவருக்குச் செலவில் ஒரு பகுதியைத் தரும். பட்ஜெட் இடிக்கும்போது அரசின் பங்கு கொஞ்சம் இளைத்துப்போகும், அது எந்த நாட்டு அரசுக்கும் உள்ள சுபாவம். ஆக, ஊரார் வீட்டு நெய் தயார். பரிமாற உங்கள் கை மட்டும்தான் பாக்கி.

ஏன் இவ்வளவு கெஞ்சல் என்று கேட்பீர்கள். தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள். பைன் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மரம். நெருக்கத்தைக் குறைக்கிற முதல் கழிப்பு வெட்டுக்குப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகும், அதிலும் காகிதக் கூழுக்குப் போகிற சன்னக் கட்டைதான் கிடைக்கும். பலகை அறுக்கிற மரமாக முப்பது வருஷம் பிடிக்கும். உங்களுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது என்றால் மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், நான் போட்டால் அபசகுனமாக இருக்கும்.

விண்ணப்பத்துக்கு வருவோம். வனத்துறை அதிகாரி நேரில் வந்து நிலத்தை நடந்து பார்ப்பார். அவர் வரும் நாளில் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், கையில் காபி வைத்திருங்கள், "என் பேரப் பிள்ளைகளுக்காக" என்று ஒரு முறை சொல்லுங்கள். இரண்டு முறை வேண்டாம், மனிதர் இதை எத்தனையோ பேரிடம் கேட்டவர். எழுத்தில் அனுமதி கைக்கு வரும்வரை ஒரு நாற்றும் நடாதீர்கள். ஆர்வக்கோளாறில் முந்திக்கொண்டு நட்டவருக்குப் பணம் கிடையாது, பாராட்டு மட்டும் கிடைக்கும்.

நிலம் செத்துப்போன தாத்தா பேரிலேயே இருந்து, பதினாலு பங்காளிகள் ஆறு மாநிலங்களில் சிதறி இருந்தால் இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு முதலில் வக்கீலைப் பாருங்கள். தென் மாநிலங்களில் கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றின் நிலம் இப்படித்தான் உயில் இல்லாமல், பாகம் பிரியாமல் கிடந்தது. தெளிவான பத்திரம் இல்லாததால் பல தலைமுறைகளாக அரசு உதவி அவர்கள் வாசலுக்கே வரவில்லை. இந்த இடத்தில் மட்டும் எனக்குக் கிண்டல் வரமாட்டேன் என்கிறது.

வரியிலும் சலுகை உண்டு. நட்ட செலவில் வருஷத்துக்கு 10,000 டாலர் வரை அந்த வருஷமே வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். மீதியை 84 மாதங்களில் பிரித்துக் கழிக்கவேண்டும். ஏழு வருஷம் என்று எழுதினால் எல்லோருக்கும் சட்டென்று புரிந்துவிடும் அல்லவா, அதனால் 84 மாதம். மானியத்தை வருமானத்தில் காட்டாமல் விட்டுவிட்டு, அதே காசைச் செலவாகவும் கழிக்கலாமா என்று ஒரு யோசனை இந்நேரம் உங்களுக்குத் தோன்றியிருக்கும். வரித்துறைக்கும் தோன்றியிருக்கிறது. முடியாது.

இனி நடவு. நடப்போவது லாப்லாலி பைன். பழைய ஆங்கிலத்தில் லாப்லாலி என்றால் கப்பல்காரர்கள் குடித்த கெட்டிக் கூழ். பிறகு சேற்றுக்குழிக்குப் பேராகி, சேற்றோரம் செழிக்கிற மரத்துக்கும் ஒட்டிக்கொண்டது. சசெக்ஸ் கவுன்டியில் கார்லண்ட் கிரே என்கிற பெயரில் மாநில வனத்துறையே ஒரு நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறது. அங்கே ஒரு வருஷம் வளர்ந்த நாற்றைப் பிடுங்கி, வேரில் மண் இல்லாமல், பையில் கட்டித் தருவார்கள். எட்டடிக்குப் பத்தடி இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 544 நாற்று, நாற்பது ஏக்கருக்கு இருபத்தோராயிரத்துச் சொச்சம். "நானே நட்டுவிடுவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள்.

நடுவது வேறு ஆட்கள். பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்தும் குவாதமாலாவிலிருந்தும் பருவ விசாவில் வருகிறவர்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை, விடியற்காலை உறைபனியில் வரிசையாக இறங்குவார்கள். இடுப்பில் நாற்றுப் பை, கையில் தட்டையான இரும்பலகு வைத்த கம்பி. அலகைக் குத்தி, காலால் மிதித்து, மண்ணைப் பிளந்து, நாற்றை ஆழமாக விட்டு லேசாக மேலே இழுப்பார்கள். அந்த இழுப்பில்தான் சூட்சுமம். இழுக்காவிட்டால் வேர் தூண்டில்முள் மாதிரி மடங்கி நின்றுவிடும், மரம் அந்தக் கோணலை வாழ்நாள் முழுக்கச் சுமக்கும். பக்கத்திலேயே இன்னொரு குத்து குத்தி, குதிகாலால் ஒரு மிதி, பிளவு மூடிக்கொள்ளும். ஒரு நாற்றுக்குச் சில வினாடிகள். வெயிலும் காற்றும் பட்டால் வேர் நிமிஷக்கணக்கில் காய்ந்துவிடும் என்பதால் யாரும் நாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பதில்லை. நீங்கள் வண்டிக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, காடு வளர்ப்பதில் உள்ள சிரமங்களை நண்பருக்குப் போனில் விவரிக்கலாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. இந்த ஊக்குவிப்பு சமயத்தில் பலித்துவிடும். 1956-ல் மத்திய அரசு மண் வங்கி என்ற பெயரில், பயிர் செய்யாமல் நிலத்தை விட்டுவைக்கிற விவசாயிக்குப் பணம் கொடுத்தது. சுமார் 20 லட்சம் ஏக்கரில் மரம் நட்டார்கள், பெரும்பகுதி தெற்கத்திப் பைன். 1985-ல் நிலப் பாதுகாப்பு ஒதுக்கீடு என்று இன்னொரு திட்டம். ஜார்ஜியாவில், அலபாமாவில், மிசிசிப்பியில் பருத்தியும் சோயாவும் விளைந்த நிலமெல்லாம் பைன் ஆனது. எல்லோரும் ஒரே சமயத்தில் நட்டால் மரம் ஒரே சமயத்தில்தானே முற்றும்? முற்றுகிற நேரம் பார்த்து 2008-ல் வீடு கட்டும் தொழில் படுத்தது. பலகை மர விலை விழுந்தது. விலை வரட்டும் என்று எல்லோரும் வெட்டாமல் காத்திருந்தார்கள், காத்திருந்த மரமெல்லாம் இன்னும் பருத்து, இன்னும் அதிகச் சரக்காகி, விலை எழுந்திருக்கவே விடவில்லை. அறுவை ஆலைகளுக்கு இதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. 1970-ல் வரியைக் கேட்டு வாங்கியவர்கள் விவரமானவர்கள் என்று சொன்னேனே.

நெருக்கமாக விட்டாலும் வம்பு. அரிசி அளவு வண்டு ஒன்று இருக்கிறது, தெற்கத்திப் பைன் வண்டு. கூட்டமாக நின்று இளைத்த மரமாகப் பார்த்துப் பட்டைக்குள் இறங்கும். அதற்காகக் கழித்துவிடவேண்டும். கழிப்பதற்கும் ஒரு மானியம் உண்டு. விண்ணப்பப் படிவத்தைப் பிக்கப் வண்டியிலேயே வைத்திருங்கள்.

நட்டு ஆறு மாதம் கழித்து, ஜூன் மாதம், மச்சானைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டைக் காட்டுவீர்கள். இடுப்புயரப் புல்லும் கருமுள்ளிக் கொடியும்தான் தெரியும். எங்கே காடு என்று அவர் சுற்றும்முற்றும் பார்ப்பார். நீங்களும்தான் பார்ப்பீர்கள். புல்லை விலக்கி விலக்கித் தேடி, கடைசியில் அவருடைய செருப்புக்கடியில், பச்சை ஊசிகளாக ஒரு சாண் உயரத்தில் அது அகப்படும்.

"மச்சான், கொஞ்சம் காலை எடுங்க. அதுதான்."