வாடிக்கையாளர் சொல்லே வேதம்

எங்கள் தெரு வெப் டிசைனர் இதுவரை செய்த தளங்களைக் காட்டினார். கண் கூசியது, பெருமையில்தான்.

ஈரோட்டு ஜவுளிக்கடைக்காரர் லோகோவைப் பெரிதாக்கச் சொன்னார். ஆக்கினார். "இன்னும் கொஞ்சம்" என்றார். இப்போது சேலையைப் பார்க்க மூன்று திரை கீழே இறங்க வேண்டும். அத்தனை தூரம் வருகிறவர் வாங்காமல் போவாரா?

கல்யாண மண்டபத் தளத்தைத் திறந்தாலே நாதஸ்வரம். நிறுத்த பட்டன் கிடையாது. கெட்டிமேளத்தை யாராவது பாதியில் நிறுத்துவார்களா?

மனை விற்பவர் தளத்தில் ஃபிளாஷ் அசைபடமாக ஒரு விமானம் பறந்தது. 2020 கடைசியில் அடோபி ஃபிளாஷை மூடிவிட்டது. அவர் விளம்பரத்தில் சொன்ன விமான நிலையம் போலவே விமானமும் இப்போது கண்ணில் படுவதில்லை.

மகுடம் என்றால் ஓர் ஆங்கிலப் பள்ளியின் தளம்தான். 'எங்கள் நோக்கம்' பகுதியில் லோரம் இப்சம் என்கிற நிரப்பு எழுத்தை மாற்ற மறந்துவிட்டார். கி.மு. 45இல் சிசரோ லத்தீனில் எழுதியதைச் சிதைத்துச் செய்த, பொருளற்ற எழுத்து அது. தாளாளர் வரிவரியாகப் படித்தார். "இங்கிலீஷ் பிரமாதம்" என்றார். பேரம் பேசாமல் முழுப் பணமும் தந்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான்.