ஏஜென்ட் காரு

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்று, "இந்த ஊர்ல தமிழ் எழுத்தாளர் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "புஸ்தகம் போட்டுத் தர்றவர்" என்று கேளுங்கள். டீ ஆற்றுகிறவர் கை வேலையை நிறுத்தாமல் மோவாயாலேயே திசை காட்டுவார். மூலை பெஞ்சில், மடியில் ஜோல்னாப் பையோடு உட்கார்ந்திருப்பவர்தான் ஏஜென்ட் காரு ('காரு' தெலுங்கில் மரியாதைச் சொல்). இவர் தனி ஒரு ஆள் இல்லை. சித்தூரிலும் திருப்பதியிலும் உலவுகிற ஒரு வகை. நான் பார்த்தவர்களையெல்லாம் சேர்த்து ஒரே சட்டைக்குள் நுழைத்திருக்கிறேன்.

இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்து இலக்கியத்துக்கு வந்தவர். பெரிய மாற்றம் ஒன்றுமில்லை என்பார். பாலிசியில் ஆள் போன பிறகு பணம் வரும். புத்தகத்தில் ஆள் இருக்கும்போதே பணம் போகும். கையெழுத்து போடவேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி வைத்து நீட்டுகிற பழைய வழக்கம் மட்டும் இன்னும் விடவில்லை.

அந்த ஜோல்னாப் பை எப்போதோ நடந்த ஒரு நூல் வெளியீட்டில் கொடுத்தது. உள்ளே மூன்று மாதிரி அட்டைகள் இருக்கும். மூன்றிலும் சூரியன், இரண்டில் உதிக்கிறான், ஒன்றில் மறைகிறான். மறைகிற சூரியன் சுயசரிதைக்கு. அதோடு தயாராக ஒரு அணிந்துரை, நூலாசிரியர் பெயருக்குக் கோடிட்ட இடம் விட்டு. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் மொத்தமாக எழுதிக் கொடுத்ததாம். கால்நடை மருத்துவர் ஒருவர் எழுதிய மடிநோய்ப் புத்தகத்தில், "இவரது கவிதையுள்ளம் நம்மை ஈரமாக்குகிறது" என்று ஒரு வரி அச்சாகியிருப்பதை இன்றைக்கும் பார்க்கலாம்.

கையெழுத்துப் பிரதியை நீட்டினால் முதலில் இரண்டு கையாலும் தூக்கிப் பார்ப்பார். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி எண்ணைப் பார்ப்பார். அதன் பிறகு சமர்ப்பணம். அம்மா அப்பாவுக்கு என்றிருந்தால் முகம் கொஞ்சம் வாடும். அமெரிக்காவில் இருக்கிற மாப்பிள்ளைக்கு என்றிருந்தால் பளிச்சென்று மலரும். அந்தப் புத்தகத்துக்குக் கெட்டி அட்டை. நடுவில் ஒரு பக்கம்கூடத் திருப்ப மாட்டார். ஏன் சார் படிக்கவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "படிச்சா பாசம் வந்துடும் சார். அப்புறம் பேரம் பேச முடியாது."

படிக்காவிட்டால் என்ன, கேள்வி கேட்பதில் குறை வைக்க மாட்டார். பென்ஷன் எவ்வளவு? பங்காளி, சம்பந்தி எல்லாம் சேர்த்து எத்தனை குடும்பம்? மணிவிழா எப்போது? சந்தை ஆய்வு என்று சென்னைப் பதிப்பாளர்கள் சொல்லிக்கொள்வதை இவர் இந்த மூன்று கேள்வியில் முடித்துவிடுவார். குடும்பத்துக்கு ஒரு பிரதி; மணிவிழாவுக்குத் தாம்பூலப் பையில் ஒரு பிரதி. அச்சு எண்ணிக்கை தீர்ந்தது.

அவர் தேடி அலைகிற புத்தகங்களில் முதல் இடம் ஏழுமலையானுக்கு. பக்தி நூல்களை அச்சிட எழுத்தாளர்களுக்கு நிதியுதவி செய்கிற திட்டம் ஒன்று திருமலை திருப்பதி தேவஸ்தானத்திடம் உண்டு. அந்த உதவியோடு வந்த புத்தகங்களில் அதைச் சொல்லும் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்காக ஏஜென்ட் காரு எந்த நூலையும் மலையேற்றிவிடுவார். சித்தூர்ப் பக்கத்துப் பல்ப் ஃபேக்டரிக்குள் எந்த மாங்காய் போனாலும் கூழாய் வருவதுபோல், இவர் பைக்குள் எது போனாலும் பக்தியாய் வரும். காதல் நாவலா? கதாநாயகன் கடைசி அத்தியாயத்தில் அலிபிரியிலிருந்து 3550 படியும் ஏறட்டும். துப்பறியும் கதையா? கொலைகாரன் தலைமுடி கொடுத்துத் திருந்தட்டும். சமையல் புத்தகம் என்றால் இன்னும் சுலபம்: லட்டுக்கு 2009-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொல்லித் தொடங்கிப் புளியோதரையில் முடித்துவிடலாம். விவசாயத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் தோதாபுரி மாங்காய் சாகுபடி பற்றி எழுதிக்கொண்டு வந்தபோது, "தலைப்பை மட்டும் 'ஏழுமலையானும் ஏழு மாங்கனியும்'னு வைங்க சார், மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றார். தேவஸ்தானத்தில் பிரதியைப் படித்துப் பார்க்கப் பண்டிதர்கள் இருக்கிறார்கள் என்பதை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டார். மாங்கனி திரும்பி வந்தது.

அடுத்து, ஆய்வேடு. ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் 1954-இல் தொடங்கியது. தமிழ்த் துறையும் இருக்கிறது. குப்பத்தில் 1997 முதல் திராவிடப் பல்கலைக்கழகம். இரண்டிலும் ஆய்வு முடித்தவர்களுக்கு வேலைக்கு மனுப் போடும்போது புத்தகம் காட்டவேண்டியிருக்கிறது. ஐ.எஸ்.பி.என். எண்ணை ஏஜென்ட் காரு ரேஷன் கார்டு வாங்கித் தருகிற தோரணையில் வாங்கித் தருவார். அடிக்குறிப்புகளை எல்லாம் எடுத்துவிடச் சொல்வார், பக்கம் குறையும் என்று. முடிவுரையைத் தொட மாட்டார். அது எல்லா ஆய்வேட்டிலும் ஒன்றுதானே, அச்சகத்தில் ஏற்கெனவே இருக்கும் என்பது அவர் கட்சி.

கவிதையைத் தொடுவதே இல்லை. "கவிதை எழுதறவன்கிட்ட பணம் இருக்காது சார். பணம் இருக்கறவன் எழுதின கவிதை இருந்தா கொண்டாங்க, சூஸ்தாம், பாக்கலாம்."

அவருக்கு நிஜமாகவே பிடித்தது ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் வாழ்க்கை வரலாறுதான். அதில் வரவும் நிச்சயம், வாசகர்களும் நிச்சயம். பழைய மாணவர்கள் பயந்துகொண்டாவது வாங்குவார்கள். இந்தச் சீமையில் அந்த மாதிரிப் பிரதிகளில் ஒரு விஷயம் தவறாமல் இருக்கும். 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் அந்தப் பக்கம் போனது; ம.பொ.சி. வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினார், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது, சித்தூர் சேரவில்லை. இதைத் தலைமையாசிரியர்கள் நாற்பது பக்கத்துக்குக் குறையாமல் எழுதுவார்கள். சிலேட்டில் தெலுங்கும் வீட்டில் தமிழும் எழுதி வளர்ந்த பிள்ளைகள், எந்த மொழியில் பெயர்ப்பலகை வைப்பது என்று சண்டை போட்ட மாமனும் மச்சானும் என்று அதில்தான் உயிர் இருக்கும். ஏஜென்ட் காரு அந்த நாற்பதையும் வெட்டி, மாஸ்டாரு ஆட்சியரிடம் விருது வாங்குகிற போட்டோவைப் போட்டுவிடுவார். எனக்கு அவர்மேல் உள்ள ஒரே நிஜமான கோபம் இதுதான்.

2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானதும் முதல் காரியமாக விசிட்டிங் கார்டை மாற்றி அடித்தார்: "இரு மாவட்ட இலக்கிய முகவர்." 2023 ஜனவரியில் சென்னையில் பன்னாட்டுப் புத்தகக் காட்சி தொடங்கி, தமிழ் நூல்களை வெளிமொழிகளுக்குக் கொண்டுபோக அரசு மானியம் என்று செய்தி வந்ததும் அதற்கும் போய்வந்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பதிப்பாளர் தோளை ஒட்டி நின்று எடுத்துக்கொண்ட படம் இப்போது கார்டின் பின்பக்கம். படத்தில் வெள்ளைக்காரர் வேறு எங்கோ பார்க்கிறார்.

ஆங்கிலத்துக்குப் போகுமா என்று கேட்காத எழுத்தாளர் கிடையாது. அதற்கென்றே அவரிடம் இரண்டு கதை உண்டு. இரண்டும் உண்மைக் கதை. முதலாவது ஆர்.கே. நாராயண். எல்லோரும் திருப்பி அனுப்பிய பிரதியைக் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடச் சொல்லிவிட்டார். ஆக்ஸ்போர்டில் இருந்த நண்பர் பூர்ணா அதைப் போடாமல் கிரஹாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். 1935-இல் புத்தகம் வந்தது. இரண்டாவது அருந்ததி ராய். பங்கஜ் மிஸ்ரா அனுப்பிய பிரதியைப் படித்துவிட்டு டேவிட் காட்வின் என்கிற ஏஜென்ட் லண்டனிலிருந்து விமானம் ஏறி டெல்லிக்கே வந்துவிட்டார். 1997-இல் புக்கர் பரிசு. "படிச்சான், பிளேன் ஏறிட்டான் சார்! நானும் அப்பிடித்தான், உங்க பிரதின்னா பாகாலாவுக்கே ஸ்கூட்டர்ல வந்துடுவேன். பெட்ரோலுக்கு மட்டும்…" என்று உள்ளங்கையைத் திருப்புவார். பூர்ணா யாரிடமும் பெட்ரோல் காசு கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் பேசவேண்டும். லண்டனில் ஏ.பி. வாட் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலக்கிய ஏஜென்ட் வேலையை ஒரு தொழிலாக நடத்திக் காட்டினார். எழுத்தாளனுக்கு வருகிற பணத்தில் நூற்றுக்குப் பத்து அவருக்கு. இப்போது பெரும்பாலும் பதினைந்து. எழுத்தாளனுக்கு வரவில்லையென்றால் ஏஜென்டுக்கும் இல்லை. ஆகவே அவர் படித்துத்தான் தீரவேண்டும், நல்லதைப் பொறுக்கித்தான் தீரவேண்டும். அதே ஏற்பாட்டைச் சித்தூருக்குக் கொண்டுவாருங்கள். இருநூறு ரூபாய்ப் புத்தகம் ஐநூறு பிரதி விற்றால் லட்சம் ரூபாய். பத்து சதவீத ராயல்டி பத்தாயிரம். அதில் ஏஜென்டின் பதினைந்து சதவீதம் ஆயிரத்து ஐந்நூறு. ஐநூறும் விற்றால்தான் இது. இந்த ஆயிரத்து ஐந்நூறை நம்பிச் சென்னைக்கும் சித்தூருக்கும் அலைகிறவன் சீக்கிரமே மறுபடி பாலிசி விற்கப் போய்விடுவான். ஆகவே ஏஜென்ட் காரு கணக்கைத் தலைகீழாக்கிவிட்டார். புத்தகத்தை வாசகனுக்கு விற்பதில்லை, எழுதியவருக்கே விற்றுவிடுகிறார்.

வெளியீட்டு விழாவில் அவரைப் பார்க்கவேண்டும். நாகய்யா கலாக்ஷேத்திர அரங்கத்தில் வைக்க விடமாட்டார்; காலி நாற்காலி படத்தில் விழும். கல்யாண மண்டபத்தில், பந்திக்கும் பந்திக்கும் இடையே வைப்பார். கூட்டம் தானாக நிற்கும். சித்தூரில் பிறக்காமலே சித்தூர் வி. நாகய்யா ஆன நடிகரை உதாரணம் காட்டி, எழுதியவர் பெயருக்கு முன்னால் ஊர் பெயரையும் ஒட்டியிருப்பார். முதல் பிரதியை வாங்குகிறவர் ஒரு மாங்காய் மண்டிக்காரர். அவர் கவரைக் கொடுப்பார், பிரதியை வாங்குவார், இரண்டையும் ஒரே கையால். பொன்னாடைகள் மொத்தம் நாலு. போர்த்தியவை மேடைக்குப் பின்னால் போய் மடிக்கப்பட்டு மறுபடி முன்னால் வரும். வாழ்த்துரை வழங்குகிறவர் தெலுங்கில் தொடங்கித் தமிழில் தடுக்கி, இரண்டிலும் ஆசிரியரின் பெயரை மாற்றிச் சொல்வார். ஏஜென்ட் காரு மட்டும் கீழே, சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் நின்று, எழுதியவரின் மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மிச்சப் பணம் அங்கிருந்துதான் வரவேண்டும்.

ஐநூறு அடித்ததாகப் பில் இருக்கும். வீட்டுக்கு வந்த கட்டுகளை எண்ணினால் அத்தனை இருக்காது. மீதி எங்கே என்றால் "பைண்டிங்ல இருக்கு." ஆறு மாதம் கழித்துக் கேட்டாலும் பைண்டிங்கில்தான் இருக்கும். பொறுமை இழந்து சத்தம் போட்டவர்களுக்கு என்றே அவர் தாள்ளப்பாக்கம் அன்னமய்யாவை வைத்திருக்கிறார். 1503-இல் அன்னமய்யா காலமானார். மகன் பெத்த திருமலாச்சாரியார் காலத்தில் கீர்த்தனைகளைச் செப்பேட்டில் வெட்டித் திருமலைக் கோயிலுக்குள்ளேயே ஒரு அறையில் வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான் அவை அச்சேறின. "அன்னமய்யாவே நானூறு வருஷம் வெயிட் பண்ணார் மாஸ்டாரு. நீங்க ஆறு மாசத்துக்கு இந்தக் கூச்சல் போடறீங்களே!" மாஸ்டாரு வாயடைத்துப்போவார். பெருமாளையும் அன்னமய்யாவையும் எதிர்க்கட்சியில் வைத்துக்கொண்டு யாரால் வாதாட முடியும்?

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. சித்தூர்க்காரர் ஒருவர் தமிழில் எழுதிவிட்டுச் சென்னைக்குப் போனால், "நீங்க ஆந்திராவா?" என்கிறார்கள். திருப்பதி இலக்கியக் கூட்டத்துக்குப் போனால், "மீரு அரவமா?" (நீங்க தமிழா?) என்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் நடுவில் வருஷக்கணக்காக நோட்டுப் புத்தகத்தை பீரோவில் வைத்திருக்கிற மனிதரைத் தேடி வந்து, "என்ன மாஸ்டாரு, எழுதி முடிச்சாச்சா?" என்று கேட்பவர் இந்த ஊரில் ஒருவர்தான். அவர் கேட்கிற காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் மாஸ்டாரு அன்று ராத்திரி இன்னும் நாலு பக்கம் எழுதுகிறார்.

அந்தப் பக்கம் போகிற எழுத்தாள நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மூலை பெஞ்சிலிருந்து கார்டு நீண்டால் வாங்கிக்கொள்ளுங்கள். "கமிஷன் புஸ்தகம் வித்த பிறகா, விக்கறதுக்கு முன்னாலயா?" என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். பிறகு என்றால் உடனே கையெழுத்து போடுங்கள். அப்படி ஒருவர் கிடைப்பது அபூர்வம். முன்னால் என்றால், அன்னமய்யா கதையைக் கேட்டு ரசித்துவிட்டு, எல்லைக் கதை நாற்பது பக்கத்தையும் பத்திரமாக எடுத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள். டீக்குக் காசு எப்படியும் நீங்கள்தான் கொடுக்கவேண்டியிருக்கும்.