ஒடிச்சு வுடு அண்ணன்

ஏற்காட்டில் வாழவந்திப் பக்கம் மலைப்பாதையில் காரை ஓரங்கட்டி பானட்டைத் திறந்தால் போதும், அண்ணன் வந்துவிடுவார். காபித் தோட்டத்து வேலிக்கு அந்தப்புறமிருந்தா, டீக்கடைப் பெஞ்சிலிருந்தா, சில்வர் ஓக் மரத்திலிருந்து குதித்தாரா என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. தோளில் துண்டு, காதில் பீடி. மெக்கானிக் இல்லை, போலீஸ் இல்லை, நெடுஞ்சாலைத் துறையில் அவருக்கு ஒன்றுவிட்ட உறவு கூட இல்லை. முன்னொரு காலத்தில் லாரியில் கிளீனராகப் போனவர் என்று ஊரில் சொல்வார்கள். அவரே சொல்லும்போது அந்த உத்தியோகம் டிரைவராக உயர்ந்துவிடும்.

உள்ளே இருப்பவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று அவர் கேட்பதில்லை. அது தானாகத் தெரிந்துவிடும் விஷயம். அவருடைய முதல் கேள்வி வேறு:

“எந்த கியர்ல எறங்குனீங்க?”

பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு வந்த மென்பொருள்காரர் ஒருவர் இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? ஐந்தாவது என்று சொன்னால் திட்டு விழும். நியூட்ரல் என்று உண்மையைச் சொன்னால் மனைவி முன்னாலேயே விழும். பொதுவாக அவர்கள் “பிரேக் பிடிச்சிக்கிட்டேதான் வந்தேன்” என்று பெருமையாகச் சொல்வார்கள். அண்ணன் காத்திருந்ததே அதற்குத்தான்.

“ஏறும்போது எந்த கியரோ, எறங்கும்போதும் அதே கியருங்க. வண்டிய இன்ஜின் புடிக்கணும், கால் புடிக்கக் கூடாது. உங்க பிரேக்கு இப்ப காய்ச்சல்ல கெடக்குது. அரை மணி நேரம் தூங்க வுடுங்க.”

அவர் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதுதான் இதில் எரிச்சலூட்டும் சமாச்சாரம். இறக்கம் முழுக்க மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் பேட் சூடேறிப் பிடிப்பை இழக்கும். சூடு இன்னும் ஏறினால் பிரேக் ஆயிலே கொதித்துக் குமிழி விடும். அப்புறம் பெடல் தரை வரை போகும், வண்டி மட்டும் நிற்காது. கருகிய வாடை அடிப்பதே கடைசி எச்சரிக்கை. சக்கரத்தில் ஊற்றத் தண்ணீர் பாட்டிலைத் தூக்கினார் மென்பொருள்காரர். “சூட்டு மேல பச்சத் தண்ணியா? டிஸ்க்கு வளைஞ்சிக்கும்!” என்று பாட்டிலைப் பிடுங்கி, மூடியைத் திருகி, அண்ணனே குடித்துவிட்டார்.

இதற்குள் கார்க்காரர் காப்பீட்டுக் கம்பெனியின் சாலையோர உதவி எண்ணை அழைத்திருப்பார். சிக்னல் கிடைக்கிற ஒரே பாறை எது என்று காட்டிக் கொடுப்பதும் அண்ணன்தான். மறுமுனையில் இருக்கும் பெண் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறாளோ, “நியர்பை லேண்ட்மார்க் சொல்லுங்க சார்” என்கிறாள். கார்க்காரர் சுற்றிப் பார்க்கிறார். மரம். அதற்கப்பால் மரம். இடையில் பனிமூட்டம். அண்ணன் போனை வாங்கிக்கொள்கிறார்.

“கண்ணு, குப்பனூர் செக்போஸ்ட்டு தாண்டி ஏறச் சொல்லு. ஒரு பலாமரம் வரும். அங்க நிக்கக் கூடாது. ரெண்டாவது பலாமரம் வரும். அங்கயும் நிக்கக் கூடாது.” சற்று நேரம் கேட்டுவிட்டுப் போனைப் பொத்திக்கொண்டு நம்மிடம், “பின்கோடு கேக்குதுங்க அந்தப் பொண்ணு. நாம என்ன லெட்டரா போடுறோம்?”

“1033க்குப் போட்டா என்ன?” என்று இடையில் யாராவது விவரமானவர் கேட்டால் அண்ணன் முகம் சுருங்கும். அது தேசிய நெடுஞ்சாலைகளுக்கான எண். சுங்கச்சாவடிக்காரர்கள் கிரேனும் ஆம்புலன்ஸும் வைத்துக்கொண்டு காத்திருப்பது அங்கேதான். “தொப்பூர்ல நின்னீங்கன்னா அவங்க வருவாங்க. நாலு வழிச்சாலை அவங்க பட்டா. இது நம்ம எல்லைங்க” என்பார், கிராம நிர்வாக அலுவலர் தோரணையில்.

அண்ணனின் எல்லைக்குள் நடக்கும் பெரிய வழக்குகள் வளைவில்தான் நடக்கும். ஏறுகிற பேருந்தும் இறங்குகிற காரும் குறுகலில் மூக்கோடு மூக்கு முட்டி நின்றால், ஏறுகிற வண்டிக்குத்தான் முதலிடம். 2017 வரை நடப்பில் இருந்த 1989ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குமுறைகளில் 25ஆவது விதி இதைத்தான் சொன்னது. ஏற்றத்தில் நின்றுபோன பாரவண்டியைத் திரும்பக் கிளப்புவது எவ்வளவு பாடு என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி. அண்ணனுக்கு விதி எண் தெரியாது, விதி தெரியும். இறங்குகிற காரைப் பின்னால் எடுக்கச் சொல்லி, அதன் பின்புறம் போய் நின்று இரண்டு கைகளையும் காற்றில் துழாவுவார்.

“வரலாம்… வரலாம்… லெஃப்ட்டுல ஒடிங்க… இன்னும் ஒடிங்க… நல்லா ஒடிச்சு வுடுங்க… வரலாம்… ஏய் நில்லுங்க!”

இந்த “நில்லுங்க” மட்டும் தடுப்புச்சுவரில் இடிக்கிற சத்தத்துக்கு முன்னால் வந்ததாகச் சரித்திரம் இல்லை. பம்பரைத் தடவிப் பார்த்து, “நான் சொன்ன மாதிரி ஒடிச்சிருந்தா பட்டிருக்காதுங்க” என்பார்.

அவர் சிரிக்காத பேச்சும் ஒன்று உண்டு. 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பேருந்து வளைவில் கவிழ்ந்து உயிர்கள் போயின. அந்தப் பேச்சு வந்தால் பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். விபத்து என்றால் அவர் வேறு ஆள். 108ஐ அழைப்பார், பிறகு கூட்டத்தை விலக்குவார். அடிபட்டவரை ஆளுக்கொரு பக்கம் தூக்க விடமாட்டார். முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கொடுக்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. அதை மருத்துவமனை வாசலில் உரக்கச் சொல்லி உறவினர்களின் பதற்றத்தைப் பாதியாக்குவார்.

ஆனால் அங்கேயும் அவருக்கு ஒரு மனக்குறை. விபத்தில் உதவி செய்கிறவரைப் பெயர், விலாசம் கேட்டு வற்புறுத்தக் கூடாது, வழக்கில் இழுக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் 134ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். நாடே வரவேற்ற பிரிவு. அண்ணன் மட்டும் வரவேற்கவில்லை. பெயர், அப்பா பெயர், ரேஷன் கார்டு நகல் எல்லாவற்றையும் கொடுக்கத் தயாராக அவர் நிற்க, “நீங்க கெளம்பலாம்ணா” என்று மரியாதையாக அனுப்பிவிட்டால் எப்படி இருக்கும்?

மே மாதக் கோடை விழாதான் அவருக்கு அறுவடை. நெரிசல் கட்டுக்கடங்காத நாட்களில் வண்டிகளைச் சேலம் அடிவாரம் வழியாக ஏற்றி, கொட்டச்சேடு, குப்பனூர் வழியாக இறக்கிவிடுவார்கள். மலர்க் கண்காட்சி பார்த்த களைப்பில், பிள்ளைகள் பின் சீட்டில் வாந்தி எடுக்க, அத்தனை பேரும் இவர் வட்டாரத்துப் பக்கமாகத்தான் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டு இறங்க வேண்டும். அந்த வாரம் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடக் கூடப் போகமாட்டார். காசு கொடுத்தால் கோபம் வரும். டீயும் இரண்டு பஜ்ஜியும் காசு என்ற கணக்கில் சேராது.

அவருடைய சொந்த வாகனம் ஒரு பழைய மொபெட். ஹெல்மெட் உண்டு, ஹேண்டில்பாரில் தொங்கும், காய்கறி வாங்க வசதி. இறக்கம் வந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டு, பெட்ரோல் மிச்சம் என்று சத்தமில்லாமல் சறுக்கிக்கொண்டு போவார். நியூட்ரலில் இறங்கியவனைத் திட்டிய வாய்தானே என்று கேட்டேன்.

“அது காருங்க. நாலு உசுரு இருக்குது. இதுல நான் மட்டும்தானே?”

மென்பொருள்காரரின் கார் நகராமல் இருக்க நான்கு சக்கரத்துக்கும் கல் அணை கொடுத்ததும் அண்ணன்தான். பின்னால் வருபவர்களுக்கு அடையாளமாகச் சாலையில் பத்தடி தள்ளி மூன்று பெரிய கல், மேலே ஒரு காபிக் கொத்து. டிக்கியில் பிரதிபலிப்பு முக்கோணம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் புத்தம் புதிதாக இருந்தது. அதை வைக்கலாமே என்றதற்கு, “காத்துல விழுந்துடுங்க” என்று உள்ளேயே வைத்து மூடிவிட்டார். பிரேக்கின் காய்ச்சல் தணிந்தது. கார்க்காரர் முதல் கியரில், கும்பிடு போட்டபடி இறங்கிப் போனார். நாங்கள் டீக்கடைக்கு நடந்தோம்.

பாதி கிளாஸ் காலியாவதற்குள் சாலையில் டமால் என்று ஒரு சத்தம். ஸ்கூட்டியில் வந்த இரண்டு பையன்கள் கல்லில் ஏறி, காபிச் செடிக்குள் சாய்ந்து கிடந்தார்கள். முழங்கை சிராய்ப்போடு சரி. அண்ணன் ஓடிப்போய் இரண்டு பேரையும் தூக்கி உட்கார வைத்தார். கல்லைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

“பாத்தீங்களா, வண்டிக்கு அணை கொடுத்துட்டு எடுக்காம போயிடுறானுங்க வெளியூர்க்காரனுங்க!”