செவ்வாய் ராத்திரி மேட்ச்

கே: டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) கிரிக்கெட் ஆட்டங்களைத் திங்கள், செவ்வாய் என்று வைக்கிறார்களே, சனி ஞாயிறு என்ன பாவம் செய்தது? (ராசிபுரம் வாசகர்)

ப: பாவம் ஒன்றுமில்லை, எண்ணிக்கைதான் போதவில்லை. எட்டு அணிகள், 28 லீக் ஆட்டங்கள், பிளே-ஆஃப், ஃபைனல் என்று மேலும் 4. மாதத்துக்கு நாலு சனி, நாலு ஞாயிறு, மதியம் 3.15, இரவு 7.15 என்று நாளுக்கு இரண்டு ஆடினாலும் 16 தான் தேறும். மிச்சம் வேலைநாள் தலையில். 2023 சீசன் ஜூன் 12 திங்களன்று கோவையில் தொடங்கி, ஜூலை 12 புதனன்று நெல்லையில் முடிந்தது. ஃபைனலே புதன்கிழமை! சொந்த ஊரில் நெல்லை அணி கோவையிடம் 104 ரன்னில் தோற்றது. மறுநாள் ஆபீஸ் போக வேண்டிய நெல்லைக்காரர்கள் பாதியிலேயே எழுந்து போயிருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கே: கேலரி காலியாகக் கிடந்தால் யாருக்கு லாபம்? (பரமத்தி வேலூர் வாசகர்)

ப: டி.வி.க்கு. கொஞ்சம் சின்னப்பம்பட்டிக்கும். 2016 டி.என்.பி.எல்.லில் அந்த ஊர் வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் ஒரு சூப்பர் ஓவரில் ஆறு பந்தையும் யார்க்கராகப் போட்டார். மைதானத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். வீடியோ பார்த்தவர்கள் ஐ.பி.எல். ஏலத்தில் கை தூக்கினார்கள். 10 லட்சம் அடிப்படை விலைக்காரர், 2017-இல் 3 கோடிக்குப் பஞ்சாப் போனார்.

கே: அமெரிக்காவில் காலேஜ் பையன்களையே வாரநாள் ராத்திரியில் புட்பால் ஆடவிடுகிறார்களாமே? (திருச்செங்கோடு வாசகர்)

ப: விடுகிறார்கள். நம் நாமக்கல் ஹாஸ்டல் வார்டன்கள் கேட்டால் மயங்கி விழுவார்கள். அங்கே காலேஜ் புட்பாலுக்குச் சனிக்கிழமைதான் முகூர்த்தநாள். மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட் மாதிரி பெரிய பல்கலைகள் லட்சம் பேர் உட்காரும் மைதானத்தையே நிரப்பிவிடும். அதே வட்டாரத்துச் சின்னப் பல்கலைகள் சேர்ந்த மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸை அந்த நாளில் யார் சீந்துவார்? அதனால் நவம்பரில் செவ்வாய், புதன் இரவுக்கு மாறி, இ.எஸ்.பி.என். தயவில் நாடு முழுக்கத் தெரிகிறார்கள். எலும்பைத் துளைக்கும் குளிரில் கேலரி காற்று வாங்கும். விடிந்தால் வகுப்பு வேறு.

வெள்ளி இரவையும் சனிக்கிழமையையும் தொழில்முறை புட்பால் டி.வி.யில் விழுங்கிவிடாமல், கல்லூரி ஆட்டங்களுக்காக 1961-லேயே சட்டத்தில் வேலி போட்டார்கள். செவ்வாய் ராத்திரிப் படிப்புக்கு வேலி போட மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. விளம்பரம் கொடுத்த கம்பெனிக்கு அசைன்மென்ட் தேதி எதற்கு?

கே: டி.வி. உரிமைக்காக நம் நாட்டில் யாராவது கோர்ட்டுக்குப் போனதுண்டா? (குமாரபாளையம் வாசகர்)

ப: உண்டு. 1993 ஹீரோ கோப்பை ஒளிபரப்பு உரிமையை வங்காள கிரிக்கெட் சங்கம் வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுக்க, தூர்தர்ஷன் மல்லுக்கு நின்றது. வான் அலைகள் பொதுச்சொத்து, அரசின் ஏகபோகமல்ல என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டெண்டுல்கர் கடைசி ஓவரில் 3 ரன் மட்டும் கொடுத்துத் தென்னாப்பிரிக்காவை மடக்கிய அரையிறுதி அந்தத் தொடரில்தான். நவம்பர் 24, அதுவும் புதன் ராத்திரி!

கே: எங்கள் ஊர் மின்னொளி கபடியை டி.வி.யில் காட்ட மாட்டார்களா? (சேந்தமங்கலம் வாசகர்)

ப: காட்டலாம், முதலில் நோட்டீஸில் போட்ட நேரத்துக்கு ஆரம்பியுங்கள். புரோ கபடியில் 20 நிமிடம் இரண்டு பாதி, ரெய்டுக்கு 30 விநாடி. வாரநாள் இரவிலும் மணியடித்தாற்போல் தொடங்குகிறது. உங்கள் ஊரில் இரவு 8 மணி என்று அச்சடித்துவிட்டு, சிறப்பு விருந்தினர் வந்து, மாலை மரியாதை முடிந்து, ஜெனரேட்டர் ஒருமுறை நின்று, முதல் ரெய்டு போகப் பத்தரை. ஃபைனலுக்குள் பால்காரர் வந்துவிடுகிறார். எந்தச் சேனல் தாங்கும்?

கே: வாழப்பாடியில் டி.என்.பி.எல். ராத்திரி மேட்ச் முடிந்து நாமக்கல் திரும்பப் பஸ் கிடைக்குமா? (நாமக்கல் வாசகர்)

ப: சேலம் புது பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டால் மதுரை, கரூர் வண்டிகள் உண்டு. அதுவரை வர, பைக் வைத்திருக்கும் நண்பரோடு போவது நல்லது.