இல்லாத கார்டுக்கு ஒரு டிரைவர்

திருத்தணி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உள்ள அந்தக் கடையின் போர்டில் ஜெராக்ஸ், லேமினேஷன், பான் கார்டு, திருப்பதி தரிசன டிக்கெட் என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதியிருக்கிறது. லினக்ஸ் என்று எந்த மொழியிலும் எழுதவில்லை. இருந்தும் செமஸ்டர் தொடங்கிவிட்டால் கல்லூரிப் பிள்ளைகள் லேப்டாப்பும் கையுமாக வந்து நிற்கிறார்கள். ஆபரேட்டிங் சிஸ்டம் லேப்பில் நடத்தியதை வீட்டில் செய்துபார்க்க லினக்ஸ் வேண்டும். லேப்டாப்பில் இருப்பதோ விண்டோஸ். அதை அழித்தால் அப்பா சும்மா விடமாட்டார். ஆகவே விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவி, விண்டோஸுக்குள்ளேயே ஒரு பாவனைக் கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதில் உபுண்டு என்ற லினக்ஸை ஏற்றிவிடுகிறார்கள். இதுவரை சுகம்.

"அண்ணா, உபுண்டுல வைஃபையே காட்டல. நெட்லேர்ந்து டிரைவர் இறக்கிப் போட்டேன். எர்ரர் வருது."

"எங்கேர்ந்து இறக்கின?"

"உபுண்டுக்குள்ள இருந்துதான்."

"நெட் இல்லாமலா இறக்கின?"

தம்பி யோசிக்கிறான். கடைக்காரர் அதற்குள் ரெண்டு ஆதார் அட்டைகளை ஜெராக்ஸ் எடுத்து முடித்துவிடுகிறார்.

விஷயம் இதுதான். லேப்டாப்பில் வைஃபை கார்டு உண்டு. ஆனால் விர்ச்சுவல்பாக்ஸ் அதை உள்ளே இருக்கும் லினக்ஸுக்குக் காட்டுவதே இல்லை. அதற்குப் பதிலாக இன்டெல் கம்பெனியின் பழைய ஈதர்நெட் கார்டு ஒன்றைப் போல வேஷம் கட்டி நிற்கிறது. அந்த வேஷத்துக்குரிய டிரைவர் லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இருப்பதால் இன்டர்நெட் தானாக வந்துவிடுகிறது. உபுண்டுவைப் பொறுத்தவரை அது ஒயர் வழியாக இணைந்திருக்கிறது. ஒயர் எங்கே என்று அது கேட்பதில்லை. எதையும் மாற்றாமல் விட்டால் அதற்குக் கிடைக்கும் முகவரி 10.0.2.15. திருத்தணியானாலும் டொராண்டோவானாலும் அதே எண்தான்.

வேஷம் அதோடு நிற்பதில்லை. போன வருஷம் வாங்கிய லேப்டாப்பாக இருக்கும். அதற்குள் ஓடும் பாவனைக் கம்ப்யூட்டருக்குப் பொதுவாக வாய்ப்பது இன்டெல் 440எஃப்எக்ஸ் சிப்செட். அது 1996-இல் வந்த சரக்கு, தம்பி பிறப்பதற்கு முந்தையது. விலை உயர்ந்த என்விடியா கார்டு இருக்கிறதே என்று அதற்கான டிரைவரை உள்ளே நிறுவி, திரை கறுத்துப்போய் வருபவர்களும் உண்டு. அந்தக் கார்டும் உள்ளே தெரியாது. எல்எஸ்பிசிஐ என்று டெர்மினலில் ஒரு கட்டளை கொடுத்தால், லினக்ஸின் கண்ணுக்குத் தெரியும் சாதனங்கள் மட்டும் வரிசையாக வரும். டிரைவர் தேடும் முன் இந்தப் பட்டியலைப் பார்ப்பவரை இந்தக் கட்டுரையாளர் இன்னும் சந்திக்கவில்லை.

பட்டியலில் ஒரு வரி சுவையானது. விர்ச்சுவல்பாக்ஸின் சொந்தச் சாதனத்துக்கு நேரே 'இன்னோடெக்' என்ற பெயர் இருக்கும். விர்ச்சுவல்பாக்ஸை உருவாக்கிய ஜெர்மன் கம்பெனி அது. 2008-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கியது. 2010-இல் சன்னை ஆரக்கிள் வாங்கியது. கம்பெனி இரண்டு முறை கைமாறியும் பட்டா மட்டும் பழைய பெயரிலேயே நிற்கிறது.

பட்டா, எல்லை என்றால் திருத்தணிக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1960 ஏப்ரல் 1 அன்றுதான், ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பலனாக, ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து ஊர் சென்னை மாநிலத்துக்கு வந்தது. எந்த ஆபீஸில் எந்த மனுவைக் கொடுப்பது என்ற குழப்பத்தைத் தாத்தா காலத்திலேயே பார்த்துவிட்ட ஊர். விர்ச்சுவல் மெஷினின் தகராறும் அதே ஜாதி. புகார் உள்ளே எழும். அதிகாரி வெளியே இருப்பார். மெஷின் கிளம்பவே மறுத்தால் லேப்டாப்பின் பயாஸில் ஒரு சுவிட்ச் அணைந்திருக்கும். வைஃபை விழுந்தால் விண்டோஸைப் பார்க்க வேண்டும். உபுண்டுவின் திரை தபால் அட்டை அளவில் நடுவே நின்றால் மட்டும் உள்ளே போக வேண்டும்.

அங்கேதான் கெஸ்ட் அடிஷன்ஸ் வருகிறது. திரை விரிய, காப்பி பேஸ்ட் நடக்க, விண்டோஸின் ஃபோல்டரை உள்ளிருந்து திறக்க வேண்டிய டிரைவர்களின் மூட்டை. விர்ச்சுவல்பாக்ஸின் மெனுவில் "சிடியைச் செருகு" என்று ஒரு வரி இருக்கும். தம்பியின் லேப்டாப்பில் சிடி டிரைவே கிடையாது. இல்லாத சிடியை இல்லாத டிரைவில் செருகினால், உபுண்டு உண்மையான சிடி கிடைத்த மகிழ்ச்சியோடு அதைத் திறந்துகாட்டுகிறது. நிறுவச் சொன்னால் ஜிசிசி, மேக், பெர்ல் என்ற மூன்று கருவிகளையும் கேட்கிறது. கொடுத்த பிறகு கெர்னல் ஹெட்டர் கேட்கிறது.

இந்த இடத்தில்தான் பாதிப் பேர் லேப்டாப்பை மூடுகிறார்கள். டிரைவர்கள் அந்த இடத்திலேயே, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்கு ஏற்றபடி கம்பைல் ஆகின்றன. ஹெட்டரின் எண்ணும் கெர்னலின் எண்ணும் கடைசிப் புள்ளிவரை ஒத்துப்போக வேண்டும். தம்பி காலையில் அப்டேட் கொடுத்திருக்கிறான். புதிய கெர்னல் இறங்கிவிட்டது, ஹெட்டரும் அதற்கே வந்துவிட்டது. ஆனால் ரீஸ்டார்ட் செய்யாததால் ஓடுவது பழைய கெர்னல். எர்ரரின் கடைசி வரி லாக் ஃபைலைப் பார்க்கச் சொல்கிறது. தம்பியோ யூடியூபைப் பார்த்திருக்கிறான். கடைக்காரர் பார்த்தார், ரீஸ்டார்ட் செய்தார், மறுபடி நிறுவினார். திரை விரிந்தது.

இத்தனைக்கும் இது பழங்காலத்துப் பாடு. விர்ச்சுவல்பாக்ஸின் முக்கிய டிரைவர் 2018-இலும், ஃபோல்டர் பகிர்வுக்கானது 2020-இலும் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டன. மிச்சத்தை உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்து ஒரே கட்டளையில் வாங்கிக்கொள்ளலாம். அதையும் வாங்கி, சிடியையும் செருகி, இரண்டையும் மோதவிட்டு வருகிறவர்களால்தான் கடைக்கு வருமானம்.

டிரைவர் தகராறை அற்பம் என்று தள்ளிவிடவும் முடியாது. 1980 வாக்கில் எம்ஐடியின் செயற்கை அறிவு ஆய்வகத்தில் ஒரு ஜெராக்ஸ் லேசர் பிரிண்டர் அடிக்கடி பேப்பரை மென்றது. சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகும்படி புரோகிராமை மாற்ற நினைத்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். மூல நிரலைத் தர மறுத்துவிட்டார்கள். அந்த எரிச்சலும் சேர்ந்துதான் 1983-இல் குனு திட்டமானது. தம்பியிடம் கேட்கப்பட்ட ஜிசிசி அதன் பிள்ளை.

இரண்டு சிஸ்டங்கள் ஒரே லேப்டாப்பில் குடியிருப்பது திருத்தணி இப்போது இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் புதிதுமல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தது திருவள்ளூரை அடுத்த காக்களூரில். அதில் விண்டோஸோடு சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆன் செய்யும்போதே எது வேண்டும் என்று கேட்கும். ஒன்று ஓடினால் மற்றது தூங்கும். சண்டைக்கு வழியில்லை. அந்தக் கடைக்கு வந்தவற்றில் பலவும், பாஸை அழித்து சினிமாவுக்கு இடம் பண்ணித்தரச் சொல்லி வந்தவை.

காசு கொடுக்க மாலையில் தம்பியின் அப்பா வந்தார்.

"இன்னா தம்பி ரிப்பேரு?"

கெர்னல், ஹெட்டர், கெஸ்ட் அடிஷன்ஸ் என்று கடைக்காரர் ஆரம்பித்தார். அப்பாவின் முகம் இறுகிக்கொண்டே போனது. புது லேப்டாப், உள்ளே இன்னொரு கம்ப்யூட்டர், அதற்கு இல்லாத சிடி. இவன் காசு பிடுங்கப் பார்க்கிறான் என்பது முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. கடைக்காரர் பேச்சை நிறுத்தி, பில் புக்கை எடுத்து, "வைரஸ் கிளீனிங்" என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

"அத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?" என்றபடி அப்பா பர்ஸைத் திறந்தார்.