இரண்டு நிமிட இயக்குநர்

இயக்குநர்களில் பல வகை உண்டு. படத்தை எடுத்து முடித்தவர், பாதியில் பணம் தீர்ந்து நின்றவர், எடுக்கப் போகிறேன் என்று சொல்லியே காலத்தை ஓட்டுபவர். இவர்கள் யாரோடும் சேராத ஒருவர் இங்கிலாந்துப் பள்ளிகளில் இருந்தார். அவர் படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுப்பார். மூன்றாவது நிமிடத்தில் என்ன நடக்கும் என்று அவருக்கே தெரியாது. தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை. வயது பதினாறோ பதினேழோ இருக்கும். ஓ.சி.ஆர். என்ற தேர்வு வாரியம் 2008-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஊடகவியல் பாடத்திட்டம்தான் இவரைப் பெற்றெடுத்தது. புதிய கதைப்படம் ஒன்றின் டைட்டிலையும் தொடக்கத்தையும் இரண்டு நிமிடத்துக்கு மிகாமல் எடுக்க வேண்டியிருந்தது. ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் 20 மதிப்பெண், படத்துக்கு 60, எல்லாம் முடிந்தபின் திரும்பிப் பார்த்து எழுதும் மதிப்பீட்டுக்கு 20. 2017-இல் அதன் இடத்துக்குப் புதிய பாடத்திட்டம் வந்துவிட்டது. ஆனால் கேம்பிரிட்ஜ் நடத்தும் சர்வதேசத் தேர்வும் இதே வேலையைக் கொடுத்ததால், நம் இயக்குநரின் வம்சம் கடல் கடந்தும் தழைத்தது.

படம் எடுக்கும்போது இவரைப் பார்த்தால் அடையாளம் தெரியாது. குளிர்காற்றில் ட்ரைபாடைப் பிடித்துக்கொண்டு, மூக்கு சிவந்து, சொன்ன நேரத்துக்கு வராத நண்பனுக்கு போன் போட்டபடி நிற்கும் சாதாரணப் பிள்ளை. மதிப்பீடு எழுத உட்காரும்போதுதான் உள்ளே இருக்கும் மேதை எழுந்து சோம்பல் முறிக்கிறார். தற்செயலாக நேர்ந்தது, வேறு வழியில்லாமல் செய்தது, மறந்துபோனது, கெட்டுப்போனது எல்லாம் ஒவ்வொன்றாக ‘நாங்கள் தீர்மானித்தோம்’ என்ற வாக்கியத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். இவருக்கு மீசையே சரியாக முளைக்கவில்லை. ஆனாலும் தான் விழுந்தது லோ-ஆங்கிள் ஷாட்டுக்காக என்று எழுதத் தெரியும். படித்துச் சிரிக்கலாம், சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் இந்தச் சாமர்த்தியம் பிள்ளையோடு கூடப் பிறந்ததில்லை, கேள்வித்தாள் ஊட்டி வளர்த்தது என்பதே என் கட்சி. இந்த வேலையில் மாணவர் உண்மையாகக் கற்றுக்கொள்வது நினைத்தபடி நடக்காத இடங்களில். மதிப்பீட்டுக் கேள்விகளோ அந்த இடங்களின் மேல் பாய் விரித்து உட்காரச் சொல்லித் தருகின்றன.

முதல் சான்று, இவர் எடுக்கும் படம் ஏன் எப்போதும் த்ரில்லராகவோ பேய்ப்படமாகவோ இருக்கிறது என்பது. காரணத்தை மதிப்பீட்டில் தேடினால், இளைஞர்களின் ஆழ்மன அச்சம், நகரத் தனிமை என்று ஒரு பக்கம் கிடைக்கும். பஞ்சாங்கத்தில் தேடினால் ஒரே வரியில் கிடைக்கும். டிசம்பர் நடுவில் லண்டனில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. பள்ளி விட்டு, கேமராவை வாங்கிக்கொண்டு, குழுவின் நாலு பேரும் ஓரிடத்தில் சேர்வதற்குள் இருட்டிவிடும். காதல் கதை எடுக்க நினைத்தவருக்கும் அந்நேரத்தில் கிடைப்பது ஆளில்லாத சந்தும் ஒற்றைத் தெருவிளக்கும்தான். அங்கே ஒரு பெண் நடந்தால் யாராவது பின்தொடர்ந்தே ஆக வேண்டும். பின்தொடர்கிறவனுக்குத் தலையை மூடும் ஹூடி போட்டுவிட்டால், நடிக்கத் தெரியாத முகத்தை மறைத்த புண்ணியமும் சேரும். மைக்கில் காற்றைத் தவிர வேறெதுவும் பதிவாகவில்லை என்பது எடிட்டிங்கில் உட்காரும்போது தெரியவரும். உடனே வசனத்தை எல்லாம் எடுத்துவிட்டு, உரிமைத்தொகை கேட்காத இசை ஒன்றை இணையத்தில் இறக்கி மேலே போர்த்துவார்கள். மதிப்பீட்டில் இந்த விபத்து முழுவதும் மூன்று வாக்கியமாகச் சுருங்கும்: பார்வையாளரின் பதற்றத்தைக் கூட்ட லோ-கீ லைட்டிங் பயன்படுத்தினோம், மௌனத்தின் வழியே கதை சொல்லும் துணிச்சலான முடிவை எடுத்தோம், கேமராவின் நடுக்கம் கதாபாத்திரத்தின் மனநடுக்கத்தைக் குறிக்கிறது. நடுங்கியது கேமரா பிடித்தவரின் கை; காரணம் குளிர்.

அடுத்து கோட்பாடு. பாடப்புத்தகத்தில் படித்த பெரியவர்கள் அனைவரையும் இரண்டு நிமிடத்துக்குள் உட்கார வைப்பதில் நம் இயக்குநருக்கு நிகர் யாரும் இல்லை. டொடோரோவ் சொன்னார்: கதை சமநிலையில் தொடங்கி, குலைந்து, புதிய சமநிலையை அடைகிறது. நம்மவர் கதையில் அலாரம் அடிக்கிறது, பெண் எழுந்து பல் தேய்க்கிறாள். அது சமநிலை. தெருவில் ஹூடிக்காரன் வருகிறான். அது குலைவு. புதிய சமநிலை, எடுக்கப்படாத மீதி எண்பத்தெட்டு நிமிடத்தில் இருக்கிறது. ரோலான் பார்த் சொன்ன புதிர்க் குறியும் பொருந்துகிறது. ஹூடிக்காரன் யார் என்பது பார்வையாளருக்குப் புதிர் என்று பெருமையாக எழுதுகிறார். இயக்குநருக்கும் அது புதிர்தான் என்பதை மட்டும் எழுதுவதில்லை. சமூகப் பிரிவினரை எப்படிச் சித்திரித்தீர்கள் என்ற கேள்விக்கு லாரா மல்வியின் 1975-ஆம் ஆண்டுக் கட்டுரை கைகொடுக்கிறது. ஆணின் பார்வைக்குப் பொருளாகப் பெண்ணைக் காட்டும் மரபை நாங்கள் உடைத்தோம், எங்கள் நாயகி வலிமையானவள் என்று எழுதுகிறார். அந்த வலிமையானவள் ஒரு நிமிடம் ஐம்பதாவது நொடியில் இறந்துவிடுகிறாள். மிச்சமுள்ள பத்து நொடியில் படத்தின் பெயர் வருகிறது.

விநியோகத்தைப் பற்றிய கேள்வி வரும்போது இவருடைய கற்பனை உச்சத்தைத் தொடுகிறது. இல்லாத படத்தை யார் வெளியிடுவார்கள் என்று கேட்டால் யாருக்கும் நாக்கு குழறும், இவருக்குக் குழறாது. ‘வொர்க்கிங் டைட்டில்’ என்று எழுதுவார். 1983-இல் தொடங்கி ‘நாட்டிங் ஹில்’ போன்ற படங்களைத் தந்த நிறுவனம் அது. படத்தைத் தயாரிப்பதுதான் அதன் தொழில். திரையரங்குக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் யுனிவர்சல். ஆனால் பாடத்தில் படித்த பெயர் அது. ரசிகர் யார் என்றால், பதினைந்து முதல் இருபத்தைந்து வயதுவரை உள்ள ஆண்களும் பெண்களும். அதாவது வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களும் அவர்களுடைய அக்கா அண்ணன்மாரும். தணிக்கைச் சான்றிதழ் தவறாமல் 15. அதற்கு ஆழமான சமூகவியல் காரணங்கள் அடுக்கப்பட்டிருக்கும். 18 போட்டால் இயக்குநரே தியேட்டருக்குள் நுழைய முடியாது என்ற காரணம் அந்தப் பட்டியலில் இருக்காது.

இத்தனை கேள்விகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் நேர்மையான கேள்வி. படத்துக்கு முன்னால் மாணவர்கள் ஒரு சிறு பயிற்சி செய்ய வேண்டும். ஒருவர் கதவைத் திறந்து, அறையைக் கடந்து, நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே இருப்பவரிடம் ஓரிரு வார்த்தை பேச வேண்டும். ஷாட்டுக்கு ஷாட் அசைவு ஒட்டுகிறதா, இருவருக்கும் நடுவிலுள்ள கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டாமல் 180 டிகிரி விதி காக்கப்படுகிறதா என்று பார்ப்பதற்கான பயிற்சி அது. இதைச் செய்யும்போதுதான் கதவைத் திறப்பது எவ்வளவு கடினம் என்று பிள்ளைகளுக்குப் புரியும். வெளியே வலது கையால் பிடித்த கைப்பிடியை உள்ளே இடது கையால் விட்டிருப்பார்கள். பேசும் இருவரும் ஒரே பக்கம் பார்த்துப் பேசுவார்கள். நான் சொன்ன நேர்மையான கேள்வி மதிப்பீட்டின் ஏழாவது கேள்வி; அந்தப் பயிற்சியிலிருந்து இந்தப் படம் வரை என்ன கற்றீர்கள் என்பது. இங்கே மட்டும் நம் இயக்குநர் மனிதமொழியில் பேச ஆரம்பிப்பார். அப்போது கோட்டைத் தாண்டினேன், இப்போது தாண்டவில்லை. அப்போது ஒரே கோணத்தில் எடுத்தேன், இப்போது நாலு கோணத்தில் எடுத்து வெட்டினேன். தவறை ஒப்புக்கொள்ளக் கேள்வியே இடம் கொடுத்ததும் பொய் தானாக உதிர்ந்துவிடுகிறது பாருங்கள். குற்றம் பிள்ளையினுடையதன்று என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மதிப்பெண்ணில் 60 படத்துக்குத்தானே, மதிப்பீட்டுக்கு வெறும் 20-ஐக் கொடுத்துவிட்டு அதையே குறைசொல்வது நியாயமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் படத்துக்கான 60-ஐ நாலு பேர் வரை கொண்ட குழு கூடி உழைத்துத் தேட வேண்டும். அங்கே வானிலை வேண்டும், நடிகர் வேண்டும், கேமராவின் பேட்டரி வேண்டும். மதிப்பீட்டுக்கான 20 அவரவர் மேசையில், கதகதப்பான அறையில் கிடைக்கிறது. எடுத்த படத்தை இனி மாற்ற முடியாது. அதைப் பற்றிய விளக்கத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஆகவே பிள்ளையின் கடைசி உழைப்பு எல்லாம் விளக்கத்தின் பக்கம் சாய்கிறது. கேள்விகளின் அமைப்பும் அதற்குத் துணை. மரபுகளை எப்படிப் பயன்படுத்தினீர்கள், வளர்த்தீர்கள், அல்லது மறுத்தீர்கள் என்று முதல் கேள்வியே கேட்கிறது. மரபைப் பற்றி அப்போது நினைக்கவே இல்லை, பேருந்து போய்விடும் என்றுதான் நினைத்தேன் என்று பதில் எழுத அதில் இடமே இல்லை.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது. பெரிய இயக்குநர்கள் பேட்டிகளில் இதைத்தானே செய்கிறார்கள், பிள்ளை அந்தத் தொழிலைத்தானே கற்கிறான் என்பார்கள். சிலர் செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நிலைத்து நின்ற படங்களின் வரலாறு வேறு கதை சொல்கிறது. ஸ்பீல்பெர்கின் ‘ஜாஸ்’ 1975-இல் வந்தது. 55 நாள் திட்டமிட்ட படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. கடல் உப்புநீரில் இயந்திரச் சுறா மக்கர் செய்ததால், சுறாவைக் காட்டாமலே பயமுறுத்த வழி தேடினார்கள். மிதக்கும் மஞ்சள் பீப்பாய்களும் இசையும் சுறாவின் வேலையைச் செய்தன. இதை ஸ்பீல்பெர்க் ஒளித்ததில்லை. சுறா ஒழுங்காக வேலை செய்திருந்தால் படம் இந்த அளவுக்கு வந்திருக்காது என்று வெளிப்படையாகவே சொல்லிவந்திருக்கிறார். லண்டனிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கிறிஸ்டோபர் நோலனின் முதல் முழுநீளப் படம் ‘ஃபாலோயிங்’, 1998. வேலைக்குப் போகும் நண்பர்களை வைத்து, வார இறுதிகளில், ஏறக்குறைய ஓராண்டு, சுமார் 6000 டாலரில் எடுத்தது. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் விளக்குகள் அதிகம் இல்லாமலே ஒப்பேற்றலாம் என்பதும் அந்தத் தேர்வுக்குக் காரணம் என்று அவர் மறைக்காமல் சொன்னார். தட்டுப்பாட்டை முதலில் ஒப்புக்கொண்டு, அதற்கு என்ன செய்தோம் என்று பிறகு சொல்வதுதான் தொழில் தெரிந்தவர் பேச்சு. நம் பிள்ளைக்குத் தட்டுப்பாடு நோலனுக்கு இருந்த அளவு இருந்தது, தீர்வும் சில இடங்களில் கிடைத்தது. அதைச் சொல்லத்தான் வாய்ப்பு கிடைக்கவில்லை.

அப்படியானால் தொடக்கம் மட்டும் எடுக்கச் சொல்வதே வீண்வேலை, முழுக் குறும்படம் எடுக்கச் சொல்லலாமே என்று இன்னொரு கட்சி சொல்லும். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. தொடக்கம் என்பது சினிமாவில் தனிக்கலை. சால் பாஸ் ‘வெர்டிகோ’வுக்கும் ‘சைக்கோ’வுக்கும் செய்த டைட்டில்களை இன்றும் தனியாக எடுத்துப் பார்க்கிறார்கள். 1995-இல் ‘செவன்’ படத்துக்குக் கைல் கூப்பர் செய்த டைட்டில், கொலைகாரன் முகத்தைக் காட்டாமலே அவன் மூளைக்குள் நம்மைக் கூட்டிப்போனது. எழுத்து எந்த நொடியில் வர வேண்டும், எத்தனை நொடி நிற்க வேண்டும், எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்ற கணக்கைப் பதினேழு வயதில் கைப்படச் செய்து பார்ப்பது நல்ல படிப்பு. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, தயாரிப்பு என்று அதே நாலு பெயர்கள் மாறிமாறி வந்து, இல்லாத கம்பெனியின் லோகோவே பதினைந்து நொடி சுழன்றாலும் சரி, அந்தக் கணக்கு அவர்களுக்குள் இறங்கிவிடுகிறது. இரண்டு நிமிடம் எடுத்ததற்காக இவரைப் பார்த்துச் சிரிக்க ஒன்றுமில்லை. இரண்டு நிமிடத்துக்கு இருபது பக்கத் தத்துவம் எழுத வைத்தவர்களைப் பார்த்துத்தான் சிரிக்க வேண்டும்.

ஆகவே இந்தத் தேர்வை நடத்துபவர்களுக்கும், இதைப் பாடமாகச் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கேள்விகளை எல்லாம் தூக்கிப்போட வேண்டாம். ஒரே ஒரு கேள்வியை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வையுங்கள். எது நினைத்தபடி நடக்கவில்லை, அதற்கு என்ன செய்தீர்கள்? பதிலில் இருட்டு வரட்டும், காற்று வரட்டும், கடைசி நேரத்தில் கைவிட்ட நடிகர் வரட்டும். டொடோரோவ் பின்னால் மெதுவாக வந்து சேரட்டும், அவருக்கு அவசரம் ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: கேமரா ஏன் நடுங்கியது என்று உண்மையை எழுதுங்கள். எழுதியவர் அடுத்த படத்துக்குக் கையுறை கொண்டுபோவார்; மனநடுக்கம் என்று எழுதியவர் அடுத்த படத்திலும் நடுங்குவார்.