பரிசு பெறாதோர் வாழ்த்துரை: மெய்ப்பாட்டியல் நோக்கில் ஓர் ஆய்வு

சிறுகதைப் போட்டி முடிவு வெளியான அரை மணி நேரத்துக்குள், பரிசு கிடைக்காத எழுத்தாளர் பரிசு கிடைத்த எழுத்தாளருக்குச் சொல்லும் வாழ்த்தே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். முனைவர் பட்ட மாணவர்கள் கண் வைப்பதற்குள் நாம் முந்திக்கொள்கிறோம்.

முதலில் இலக்கணச் சான்று. ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் சொல்லத் தக்கவர் யார் என்று நன்னூல் பட்டியலிடுகிறது: நூலாசிரியரின் ஆசான், அவருடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர். உடன் கற்றவருக்கு இடம் தந்த பவணந்தி முனிவர், உடன் போட்டியிட்டவரைச் சேர்க்கவில்லை. முனிவர் ஆனாலும் மனித சுபாவம் அறிந்தவர்.

உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று வகுக்கும் தொல்காப்பியம் இன்னும் தெளிவு. உவகை பிறக்கும் இடங்களாக அது சொல்பவை நான்கு: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. சக எழுத்தாளருக்கு முதல் பரிசு கிடைப்பது இப்பட்டியலில் இல்லை. அழுகைக்குச் சொல்லப்பட்டவையோ இளிவு, இழவு, அசைவு, வறுமை. பரிசு தவறிய கதாசிரியருக்கு முதல் மூன்றும் அப்படியே பொருந்தும். பரிசுத் தொகையை நம்பி ஏற்கெனவே கைமாற்று வாங்கியிருந்தால் நான்காவதும் பொருந்தும். ஆக, நான்கு வழியில் அழுகை வந்து நிற்க, ஒரு வழியும் இல்லாத உவகையை முகத்தில் வரவழைத்து, "ரொம்ப சந்தோஷம் தோழர்!" என்கிறார் ஒருவர். போட்டிக்கு அவர் அனுப்பிய கதையைவிட இது தேர்ந்த புனைவு. இதற்கு நடுவர் இல்லாமல் போனதுதான் குறை.

இனிக் கள ஆய்வு. அதிகம் புழங்கும் வாசகம் இது: "வாழ்த்துகள்! இன்னும் படிக்கலை. படிச்சிட்டு விரிவா எழுதறேன்." இதன் பின்பாதி தமிழ் இலக்கியத்தின் மிகப் பெரிய வாராக்கடன். அடுத்தது, "இந்த வருஷம் நான் அனுப்பலைங்க, நேரமே இல்லை." கடைசித் தேதியன்று கூரியர் அலுவலகத்தில் இவருக்கு முன்னால் வரிசையில் நின்றவர்களுக்கு உண்மை தெரியும். மூன்றாவது, வாழ்த்து முடிந்து ஒரு மூச்சு விட்டபின் வருகிறது: "ஆமா, நடுவர் யாரு?" கேள்வி சாதாரணமானதுதான். பதில் கிடைத்ததும் எதிர்முனையிலிருந்து வரும் நீண்ட "ஓஹோ"வில்தான் ஒரு முழு விமரிசன நூல் அடங்கியிருக்கிறது. நடுவர் தீர்ப்பே இறுதியானது, கடிதப் போக்குவரத்துக்கு இடமில்லை என்று விதிமுறையில் அச்சடிக்கிறார்கள். "ஓஹோ"வை எந்த விதியும் தடுக்கவில்லை.

ஆறுதல் பரிசு வாங்கியவருக்கு மட்டும் எல்லோரும் மனதார வாழ்த்துச் சொல்கிறார்கள். தொகை குறையக் குறைய அன்பு கூடும் என்பது எமது கருதுகோள்.

பரிசு வரிசையை அத்தனை பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா என்பது தனிக் கேள்வி. கல்கியின் வெள்ளி விழா நாவல் போட்டியில் உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' முதல் பரிசு பெற்றது. 1978இல் மகேந்திரன் அதைப் படமாக எடுத்தார். அதே போட்டியில் ர.சு. நல்லபெருமாளின் 'கல்லுக்குள் ஈரம்' இரண்டாம் பரிசு. வாசகர்கள் இரண்டையும் கைவிடவில்லை. வென்றவர்களும் கொஞ்சம் பணிவோடு இருப்பது நல்லது. பி.எஸ். ராமையாவின் 'மலரும் மணமும்' ஆனந்த விகடன் போட்டிக்கு எழுதப்பட்ட கதை; சில ஆண்டுகளில் மணிக்கொடி இதழின் ஆசிரியப் பொறுப்பே அவர் கையில் இருந்தது. இன்று உங்களை வாழ்த்துபவர் நாளை உங்கள் கதையைத் திருப்பி அனுப்பும் இடத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

ஆய்வுக்குச் சற்றும் ஒத்துழைக்காத தரவு ஒன்றும் உண்டு. அபூர்வமாக ஒருவர் வாழ்த்து என்ற சொல்லையே எடுக்காமல், "மருமக வந்து கூப்பிட்டும் அந்தப் பாட்டி திண்ணையை விட்டு எழுந்திரிக்கலையே, அங்கதான் கதை இருக்கு. கடைசிப் பத்தி வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார். கதையை முழுக்கப் படித்திருக்கிறார்! பரிசு வாங்கியவர் பத்து வருடம் கழித்தும் ஞாபகம் வைத்திருப்பது இவரைத்தான். இந்த நடத்தையைத் தொல்காப்பியரின் எட்டு மெய்ப்பாட்டில் எதில் அடக்குவது என்று ஆய்வாளர்கள் முடிவு செய்யட்டும். எமது வாக்கு பெருமிதத்துக்கு. அதற்கான நான்கு காரணங்களில் கொடையும் ஒன்று.

இறுதியாக ஒரு வேண்டுகோள். "படிச்சிட்டு விரிவா எழுதறேன்" என்று வாக்குக் கொடுத்தவர்கள் தயவுசெய்து எழுதிவிடுங்கள். போன வருடப் போட்டிக்கே இன்னும் பாக்கி நிற்கிறது.